மேளம் அடிக்காத மாப்பிள்ளை

மலேசியாவில், மாசாயிலிருந்து ஜேபி டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தங்கையும். "அவரு, மூளையில இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்லு மாதிரிக்கா" என்றாள் யூனிவர்சிட்டியில் படிக்கும் தங்கை. அப்போதுதான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

பெண் பார்த்துவிட்டுப் போனவருக்கு அக்கா இன்று பதில் சொல்ல வேண்டுமாம்.

"உருமி மேளம் குரூப்ல இருக்காருன்னாங்க. போய்ப் பார்த்தா அடிக்கவே தெரியல. மத்தவனுங்களுக்குத் தண்ணி குடுக்கறாரு, வேர்வைய துடைச்சு விடறாரு. அதுக்கு ஒரு ஆளா?"

"ஆஸ்ட்ரோசைட்டும் அப்படித்தான் லா. நியூரான் மாதிரி கரண்ட் அடிக்காது. நியூரானுக்குச் சாப்பாடு குடுக்கும். நியூரானுங்க அடிக்கறப்ப சிந்தற கெமிக்கல் எல்லாத்தையும் துடைச்சு எடுக்கும். எடுக்கலன்னா எல்லாம் அடங்காம ஒண்ணா அடிச்சு வலிப்பே வந்துரும்."

"அப்ப சும்மா துடைக்கற ஆளுதானே?"

"அப்படி நினைச்சுதான் ரொம்ப நாளு கண்டுக்காம விட்டுட்டாங்க. இப்பப் பார்த்தா, எப்ப அடிக்கணும், எப்ப அடங்கணும்னு அதுவும் சொல்லுதாம்."

அக்கா தங்கை பக்கம் திரும்பினாள்.

"போன திருவிழாவுக்கு அவரு காய்ச்சல்னு வரல. அன்னிக்கு இவனுங்க நிறுத்தவே இல்ல. சாமி வந்தவங்களே போதும்பான்னு கெஞ்சுனாங்க."

என் அம்மா இறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. இருந்தும் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா ஃபோனை எடுத்து ஏதோ தட்டினாள்.

"அம்மாவுக்கு என்ன அனுப்புன?" என்றாள் தங்கை.

"சரின்னு. வீடு துடைக்கறது அவருதான்னும் சேர்த்துப் போட்டேன்."