ஐயம்பெருமாளின் ஜீப் கியர்பாக்ஸ் குறித்து ஷம்ஸியா சொன்னது

இல்லை, ஜீப் ஓட்டுநருக்குச் சாதகமாகச் சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. சத்தத்தைக் கேட்டதும் நானும் அவர்மேல்தான் சந்தேகப்பட்டேன். அதையும் எழுதிக்கொள்ளலாம்.

என் பெயர் ஷம்ஸியா, வயது 31, தகப்பனார் பெயர் அசன் மைதீன். பத்தமடையில் சேரன்மகாதேவி சாலையில் குடியிருந்து, வீட்டை ஒட்டி ஜீப், டிராக்டர் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்தி வருகிறேன். மணிமுத்தாறைச் சேர்ந்த ஐயம்பெருமாள் என்பவருக்கு மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம் உள்ளது. தோட்டத்துக்குப் போய்வரும் அவருடைய ஜீப்பை ஒன்பது வருடமாக முத்துமாலை என்பவர் ஓட்டி வருகிறார். கடந்த பிப்ரவரி மாதம் அந்த ஜீப்பின் கியர்பாக்ஸை இறக்கி, உள்ளே பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் புதிதாக மாற்றிக் கொடுத்தவள் நான்.

இன்று காலை பத்து மணியளவில் சார்பு ஆய்வாளர் கலையரசி அவர்கள் போன் செய்து வரச் சொன்னதன்பேரில் காவல் நிலையத்துக்கு வந்தேன். ஜீப் பின்பக்கம் நின்றது. முத்துமாலை அண்ணாச்சி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். சாவி வைக்கும் சட்டைப்பைக்கு அவர் கை போவதும் வெறுமனே திரும்புவதுமாக இருந்தது.

அங்கிருந்த ஐயம்பெருமாள் என்னிடம், சித்திரைக் கோயில்கொடைத் திருவிழாவுக்கு முத்துமாலை ஜீப்பைச் சாத்தான்குளத்துக்கு எடுத்துப்போய் மகள் வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்ததாகவும், மருமகன் பழைய வண்டிச் சாமான் வியாபாரம் செய்வதாகவும், திரும்பி வந்த பத்தாம் நாள் பழைய சத்தம் கேட்டதாகவும், புதுச் சாமானைக் கழற்றி விற்றுவிட்டுப் பழசை மாட்டிவிட்டார் என்று மூன்று நாளாக ஜீப்பை நிறுத்தி வைத்துப் புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னார்.

“நீயே கேளும்மா. புது கியர்பாக்ஸ் இப்படியா கத்தும்?”

அதன் பிறகு நான் வண்டியை ஸ்டார்ட் செய்து கியர் போடாமல் வைத்துக் கேட்டேன். கரகரவென்று அரைக்கும் சத்தம். கிளட்சை மிதித்தேன், நின்றது. விட்டேன், வந்தது. இஞ்சினில் கோளாறு என்றால் கிளட்சை மிதித்தாலும் நிற்காது. ஆகவே கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங் போய்விட்டது என்று தெரிந்தது. பிப்ரவரியில் வந்தபோதும் இதே சத்தம்தான். அதனால்தான் அண்ணாச்சிமேல் சந்தேகப்பட்டேன்.

அதன் பிறகு ஒன்று தோன்றியது. உள்ளே இருப்பது நான் போட்ட சாமான் இல்லையென்றால் அண்ணாச்சி திருடன். நான் போட்டதென்றால் மூன்று மாதத்தில் கெட்டுப்போன வேலை என்னுடையது. திறக்காமலே ஏதாவது சொல்லிவிட்டுப் போகலாம். சிறிது நேரம் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஆயிலை இறக்குவதற்காகக் கீழே தட்டு வைத்து அடைப்பைக் கழற்றினேன். முதலில் வந்தது தண்ணீர். ஒரு தம்ளர் இருக்கும். அதற்குப் பிறகு பால் கலந்த காப்பி நிறத்தில் ஆயில் வந்தது. அதன் பிறகு கியர்க்கம்பியோடு மேல்மூடியைத் தூக்கினேன். உள்ளே துரு. புதிதாகப் போடும் ஒவ்வொரு பல்சக்கரத்தின் பக்கவாட்டிலும் எழுத்துப் பொறிக்கும் கருவியால் ‘ஷ’ என்றும் தேதியும் கீறிவிடுவது என் வழக்கம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். எழுத்து தெரிந்தது. சார்பு ஆய்வாளர் டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லாச் சக்கரத்திலும் இருந்தது.

“என் சாமான்தான். எதையும் யாரும் மாற்றல” என்றேன்.

“அப்போ உன் வேலைதான் சரியில்லைன்னு சொல்லு” என்றார் ஐயம்பெருமாள்.

நான் முத்துமாலை அண்ணாச்சியை அழைத்து, வண்டியை எங்கே கழுவுவீர்கள் என்று கேட்டேன்.

“ஆத்துலதான் தாயி. சாயங்காலம் தோட்டத்துலருந்து நேரா தண்ணிக்குள்ள எறக்கிருவேன். நல்லா கதவுவரைக்கும் நிக்கணும். குளிப்பாட்டாம கொண்டு விட்டா எனக்குச் சோறு எறங்காது.”

“சூட்டோடயா அண்ணாச்சி?”

“பெறகு? ஆறுத வரைக்கும் நின்னா இருட்டிப் போயிரும்லா.”

அதன் பிறகு சார்பு ஆய்வாளருக்கு விளக்கினேன். மேடு ஏறி இறங்கிய கியர்பாக்ஸ் கொதித்துக்கொண்டிருக்கும். உடனே குளிர்ந்த ஆற்றில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆயில் கெடும், பேரிங் துருப்பிடிக்கும். தினமும் கொஞ்சம். வண்டியை ஒப்படைத்தபோது இதை அண்ணாச்சியிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இது என் தவறு.

முத்துமாலை அண்ணாச்சி தட்டில் இருந்த ஆயிலையே பார்த்தார்.

“அப்போ கெடுத்தது நாந்தானா?”

“ஆமா.”

“கெடுத்துருக்கேன். களவாங்கலை. அம்மா, அதையும் எழுதுங்க.”

சார்பு ஆய்வாளர் சிரித்துவிட்டார். ஐயம்பெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “வண்டி பளபளன்னு வரணும்னு தெனமும் உசுர வாங்குனது நாந்தாம்வே” என்றார். அதன் பிறகு புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். சாவியை அவரே கொண்டுபோய் அண்ணாச்சியின் சட்டைப்பையில் போட்டார். அண்ணாச்சி எழுந்து நின்றார். பையை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓரிடத்தில் ‘திருட்டுப்போன கியர்பாக்ஸ்’ என்று இருந்ததை ‘பழுதான கியர்பாக்ஸ்’ என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இப்போது நான் சொன்னதும் இதில் இருப்பதும் ஒன்றே, எதுவும் மறைக்கவில்லை.

(ஒப்பம்) அ. ஷம்ஸியா

குறிப்பு: கையெழுத்திட்டபின் சாட்சி மேல்மூடியை மாட்டி முடித்து, பிற்பகல் 2.40 மணிக்கு முத்துமாலையைத் தம் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டில் விடப் புறப்பட்டுச் சென்றார்.