வினிதாவின் இடது காது

காதில் திரி வைத்துக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் தூங்கிப்போவார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தடியில் துண்டு விரித்து, மெழுகில் தோய்த்த துணிக்குழலைக் காதில் நிறுத்தி மேல்முனையில் நெருப்பு வைத்தால் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்கும். இதமாக இருக்கும். நானே இரண்டு முறை வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

என் பெயர் ஜோதிமணி. மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பியூட்டி பார்லரின் பின்னறையில் ஆறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள் மேடம். கன்னடம் நன்றாகப் பேசுவேன், எழுதத் தமிழ்தான் வரும். படித்ததெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். உங்கள் ஸ்டேஷனில் யாராவது மொழிபெயர்த்துக்கொள்ளட்டும்.

பிறந்தது கோபிநத்தம். அதுதான் எனக்குக் கைமுதல். காட்டோரத்து ஊர் என்று கேட்டதும் இந்த ஊர்க்காரர்களின் முகமே மாறிவிடும். "காட்டு வைத்தியமா?" என்பார்கள். முதல் வருடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்துவைத்தேன். அடுத்த வருடம் ‘தலைமுறை தலைமுறையாக’ என்று போர்டே எழுதி மாட்டினேன். எங்கள் ஊரில் யாரும் காதில் திரி வைத்து நான் பார்த்ததில்லை. காது வலித்தால் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவோம். இந்த வேலையை இதே மைசூரில், ஒரு மசாஜ் சென்டரில், இரண்டு நாளில் கற்றுக்கொண்டேன்.

திரி முக்கால்வாசி எரிந்ததும் எடுத்துத் தண்ணீரில் அணைக்க வேண்டும். மிச்சமிருக்கும் கட்டையைக் கத்தரியால் பிளந்தால் உள்ளே மஞ்சளும் பழுப்புமாகப் பிசுக்கு இருக்கும். அது உங்கள் காது அழுக்கு என்று நாம் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு காகிதத்தில் தட்டிப் பேசாமல் நீட்டினால் போதும். "அய்யோ, இவ்வளவா!" என்று அவர்களே சொல்லிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம் ஆளே வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் ஒரு திரியைக் காலி டம்ளரில் நிறுத்திக் கொளுத்தினேன். பிளந்து பார்த்தேன். அதே மஞ்சள், அதே பழுப்பு. டம்ளருக்கு ஏது காது? அப்புறம் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாலு மணிக்கு வந்த அம்மாவுக்குத் திரி வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதற்குப் பிறகு திரி சுற்றும்போது துணியில் கொஞ்சம் மஞ்சள்தூளும் சேர்த்தேன். பிசுக்கு கூடுதலாகத் தெரியும்.

தீபா ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஹனூர்ப் பக்கத்துக் குடும்பம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "நீங்க நம்மூருப் பக்கம்னு சொன்னாங்க அக்கா. அதான் தேடிட்டு வந்தேனுங்க" என்றாள்.

மகள் வினிதாவுக்கு ஒன்பது வயது. இடது காதில் சீழ். பக்கத்தில் போனாலே நாறியது. செவிப்பறையில் ஓட்டை, எலும்பை அரிக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லித் தேதியும் குறித்துக் கொடுத்திருந்தார். "காதுக்குப் பின்னால அறுக்கணுங்கறாங்க அக்கா. பொட்டப்புள்ள. எனக்கு நெஞ்சே அடைக்குது. அதுக்குள்ள நீங்க ஏதாச்சும் பண்ணுங்க" என்று தீபா கையெடுத்துக் கும்பிட்டாள்.

சீழ் வடியும் காதில் திரி வைக்கவே கூடாது. மசாஜ் சென்டரில் கற்றுக்கொண்ட அந்த இரண்டு நாளில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆனால் ஒருத்தி நம்மூர் என்று நம்பிக் கும்பிட்ட பிறகு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. படுக்கச் சொன்னேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் வந்தார்கள். மூன்றாவது வாரம் உருகிய மெழுகு ஒரு சொட்டு காதுக்குள் விழுந்துவிட்டது. பிள்ளை துள்ளிவிட்டது. வெளியே இருந்ததைத் துடைத்தேன், உள்ளே போனது உள்ளேயே நின்றுவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாத கண்ணு, பயந்துக்குவாங்க" என்றேன். சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். காய்ச்சலும் வாந்தியுமாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சீழ் எலும்பைத் தாண்டியிருந்தது. உயிர் தப்பியது. இடது காது போய்விட்டது. சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் விரிகிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?

தெரியாமல் செய்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஐந்தாவது ஞாயிறு, பன்னிரண்டாம் தேதி, காய்ச்சல் வருவதற்கு முன்னால். தீபா வெளியே போன் பேசிக்கொண்டிருந்தாள். வினிதா வலது காதைத் தலையணையில் அழுத்தி, இடது காது மேலே இருக்கும்படி படுத்திருந்தாள். அன்றைக்கு நாற்றம் அதிகம். என்னால் தாங்க முடியவில்லை. குனிந்து அந்தக் காதோரம் சொன்னேன்: "இதெல்லாம் வெறும் மெழுகு கண்ணு. உன் காதுல இருந்து எதுவும் வரல. அம்மாவக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரு."

பிள்ளை அம்மாவிடம் சொல்லிவிடும், என் வாயால் தீபாவிடம் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வினிதா அசையவில்லை. தூங்கவுமில்லை. கண்ணைத் திறந்து சுவரில் ஒரு பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். என் மூச்சுக்காற்று பட்டுக் கூசியதில் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான்.

அந்தக் காது செத்துப்போனது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. திரியைப் பற்றவைத்தேன்.

முடிந்ததும் தீபா உள்ளே வந்தாள். "அக்கா, வர்ற வியாழக்கிழமை, பதினாறாம் தேதி ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. போகட்டுமா, வேண்டாமா? நீங்க சொன்னா கேட்டுக்கறேனுங்க."

கட்டையைப் பிளந்து காகிதத்தில் தட்டி நீட்டினேன். "இத்தன அழுக்கு தானாவே வெளிய வருதில்ல, அப்புறம் எதுக்கு அறுக்கணும்?" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதினாறாம் தேதி அவர்கள் போகவில்லை.

இதற்கு எந்தத் தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். உண்மையை மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள் மேடம். குழந்தையிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் திரியைக் கொளுத்தினேன்.