எங்கட வீட்டைத் தாண்டிப் போன கரோல்

ஐயோ தம்பி, கத்தியப் பாத்துப் பயந்திடாதேங்கோ, இது கேக் வெட்டுற கத்தி. கையில இருந்ததைக் கீழ வைக்க மறந்து அப்பிடியே ஓடி வந்திட்டன். இந்தா, சீற்றுக்குக் கீழ போட்டாச்சு, சரியோ? இப்ப எடுங்கோ த்ரீவீலை. எங்கயெண்டு எனக்கும் தெரியாது. முன்னால ஒரு சின்ன லொறி போகும், கலர் லைற் எல்லாம் போட்டு. மேல நத்தார் தாத்தா ஒருத்தர் நிண்டு ஆடுவார், பின்னால ஒரு கூட்டம் பாடிக்கொண்டு நடக்கும். அதைப் பிடிக்கோணும். ஓம், கரோல்தான். கரோலைத் துரத்திப் போற மனுசியை நீங்கள் இண்டைக்குத்தான் பாக்கிறீங்கள் என்ன? நானும் இண்டைக்குத்தான் துரத்துறன்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானே சிரிச்சுச் சிரிச்சுத்தான் மூண்டு மாடி இறங்கினனான். காலைப் பாருங்கோ, ஒரு செருப்பு என்ர, மற்றது பக்கத்து பிளற் சாம்பவியின்ர. போனையும் விட்டிட்டு வந்திட்டன். போன் இருந்தும் என்ன, அவை பாடுற பாட்டில ஆருக்குக் கேக்கும்? இடப்பக்கம் திருப்புங்கோ. இந்த ஒழுங்கைக்குள்ள எங்கட சேர்ச் ஆக்கள் ரெண்டு வீடு இருக்கினம்.

உங்கட பேர் என்ன? ரிஸ்கானோ. எவடம்? தெமட்டகொடையில இருந்து வெள்ளவத்தைக்கு ஹயர் வந்து, திரும்பிப் போற நேரத்தில நான் கையைக் காட்டிட்டன் என்ன. ஆண்டவர்தான் அனுப்பினவர். இல்லைத் தம்பி, பகிடிக்குச் சொல்லேல்ல.

இஞ்ச இல்ல. சரி, பின்னுக்கு எடுங்கோ. மெதுவா, மெதுவா, அந்த மதிலில தட்டப் போறீங்கள்.

நடந்ததைச் சொல்லுறன் கேளுங்கோ. நான் வீட்டில தனிய மேசைக்கு முன்னால இருக்கிறன், கேக்கை வெட்டுவமோ விடுவமோ எண்டு. அந்த நேரம் கரோல் எங்கட ஒழுங்கைக்குள்ள வருது. ஜெனரேற்றர் சத்தம், கிற்றார், சின்னப் பிள்ளையளின்ர கத்தல். கிட்ட வருது, கிட்ட வருது. எங்கட பிளற் வாசலுக்கு வந்த உடன ஆரோ உஷ் எண்டினம். பாட்டு பாதி அடியில நிண்டு போச்சு! லைற்றையும் நூத்துப்போட்டினம். நான் பல்கனியில இருந்து எட்டிப் பாக்கிறன், அத்தினை பேரும் பெருவிரல்ல நடந்து போகினம் தம்பி, கள்ளர் மாதிரி. நத்தார் தாத்தா தன்ர மணியக் கையால பொத்திப் பிடிச்சுக்கொண்டு போறார். எங்கட மதில் முடிஞ்சு ரெண்டு வீடு தாண்டின உடன திரும்ப லைற் பத்துது, திரும்பப் பாட்டுத் தொடங்குது.

ஏனோ? மரியாதையாம். செத்தவீடு நடந்த வீட்டுக்கு அந்த வருஷம் கரோல் போறதில்ல. ஸ்டார் கட்டுறதில்ல, பலகாரம் சுடுறதில்ல, ஒண்டுமில்ல. எங்கட ஆக்களிட்ட அப்பிடியொரு வழக்கம். பைபிளில எங்க இருக்கு எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. ஆண்டவர் பிறந்திட்டார் எண்ட செய்திய எனக்குத் தெரியாம ஒளிச்சுக்கொண்டு போகினமே! ஊருக்கெல்லாம் சந்தோஷம், வயலற் அன்ரிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ! வயிறு நோகச் சிரிச்சன். சாம்பவி கதவைத் தட்டி, அன்ரி சுகமில்லையோ எண்டு கேக்கிறாள். பாவம் பிள்ளை, இந்த வருஷம் நான் சிரிச்சதை அவள் ஒருநாளும் கேக்கேல்ல.

ஓம். செத்தது ரெண்டு பேர். என்ர மனுசனும் என்ர தங்கச்சி பியூலாவும். மாசியில. புத்தளம் ரோட்டில வான் புரண்டது. ஒரே வான்தான், நாங்கள் எல்லாரும் ஒண்டாத்தான் மன்னாருக்கு ஒரு கலியாணத்துக்குப் போட்டு வந்தனாங்கள். எனக்கு ஒரு கீறலும் இல்ல. பின் சீற்றில நித்திரை.

ஆர் ஓட்டினதோ? பொறுங்கோ தம்பி சொல்லுறன், முதல் உந்த பஸ்ஸைப் போக விடுங்கோ. உதுக்கு எங்கட உயிர் ஒரு பொருட்டே இல்ல. லொறி எந்தப் பக்கம் போனது எண்டு அந்த செக்கியூரிட்டியிட்ட சிங்களத்தில கேப்பம், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. மல்லி! கரோல் லொறிய கியே கொய் பெத்தடத? ஆ, மரைன் ட்ரைவ் பக்கமாம். ஸ்துதி மல்லி, ஸ்துதி! பாத்தீங்களோ, இப்பத்தான் போயிருக்கினம். பிடிச்சிடலாம்.

பிள்ளையளோ? எங்களுக்கும் இல்ல, பியூலாவுக்கும் இல்ல. சொந்தமெல்லாம் கனடா, லண்டன். செத்தவீட்டுக்கு வீடியோவில வந்து அழுதவை.

பொய் சொல்லமாட்டன் தம்பி, நான் ஆண்டவரோட கோவம். சேர்ச்சுக்குப் போவன், முன் வாங்கில இருப்பன், வாயைத் திறக்கமாட்டன். ஞாயிறுக்கு ஞாயிறு எல்லாரும் எழும்பி நிண்டு, மரிச்சவை உயிர்த்தெழும்புவினம் எண்டு நம்புறம் எண்டு சொல்லுற இடம் ஒண்டு இருக்கு. அந்த இடம் வந்தா எனக்கு இருமல் வரும். வேணுமெண்டே இருமுவன். வீட்டில செபம் எண்டு முழங்காலில நிண்டா ஏச்சுத்தான் வாயில வரும். பாஸ்டர் வந்து, ஏசுங்கோ அன்ரி, அவர் கேப்பார் எண்டார். அப்பிடிச் சொன்னா ஏசுறதில என்ன ருசி இருக்கு சொல்லுங்கோ?

கேக்கோ? அதையும் சொல்லுறன். ரிச் கேக்குக்குப் பழங்களை முன்கூட்டியே பிரண்டியில ஊறப்போடோணும், தெரியுமோ. ஊற ஊறத்தான் நல்லம். பியூலா அதில விசரி. போன நத்தார் முடிஞ்ச கையோட இந்த வருஷத்துக்கு எண்டு வெட்டி, பெரிய போத்தல் நிறைய ஊறப்போட்டு, என்ர அலுமாரிக்குள்ள வச்சிட்டுப் போனவள். அவள் போன பிறகு அந்தப் போத்தலைத் தூக்கி எறியவும் மனம் வரேல்ல, பாக்கவும் ஏலேல்ல. போன கிழமை திறந்தன். அப்பிடியொரு வாசம் தம்பி. செத்தவளின்ர கை வாசம் எண்டு அழுதுகொண்டுதான் அடிச்சன் கேக்கை. ஒரு ஊருக்குக் காணும். ஆர் சாப்பிடுறது எண்டு யோசிக்கவே இல்ல. இப்ப தெரியும், இந்தக் கரோல் கூட்டத்தைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் குடுக்கப்போறன். உங்களுக்கு அதில தரமாட்டன், பிரண்டி கிடக்கு. உங்களுக்கு பிஸ்கட்டும் பிளேன்ரீயும். வரத்தான் வேணும், சொல்லிப்போட்டன்.

இண்டைக்கு என்ன நடந்தது எண்டால், அவை பாட்டைப் பாதியில நிப்பாட்டினவை எல்லோ? மிச்ச ரெண்டு அடியையும் நான் பல்கனியில நிண்டு பாடினன். தனிய, இருட்டுக்குள்ள. என்ர குரல் துருப்பிடிச்சுப் போச்சு. எங்கட மனுசன் அடிக்குரலில பேஸ் பாடுறவர், சுருதிக்கும் அவருக்கும் ஒருநாளும் பழக்கம் இல்ல. பியூலா வானத்தில நிண்டு பாடுவாள். அவை ரெண்டு பேருக்கும் நடுவில நிண்டு பாடிப் பழகினவள் நான். பாடேக்க என்னை அறியாம அவருக்கு இடம் விட்டு, அவளுக்கு இடம் விட்டுத்தான் பாடுறன். அப்ப எனக்குத் தெரிஞ்சுது தம்பி, அவை இல்லாமல் போகேல்ல. எப்பிடித் தெரிஞ்சுது எண்டு கேக்காதேங்கோ, விளங்கப்படுத்த ஏலாது. அவை இருக்கினம், நான் போவன், காணுவன். அவ்வளவுதான். இத்தினை மாசமா இருமி இருமித் தள்ளின சொல்லு சும்மா லேசா வாயில வந்திட்டுது. அந்தச் சந்தோஷத்தில காலும் நிலத்தில நிக்கேல்ல, செருப்பும் மாறிப்போச்சு.

உங்கட உம்மாவும் மௌத்தோ? எப்ப? ஐயோ தம்பி. போன நோன்புக்கோ. நான் பாட்டுக்கு அலட்டிக்கொண்டு வாறன், நீங்கள் அதையும் மனசில வச்சுக்கொண்டு ஓட்டுறீங்கள். உம்மாவின்ர பேர் என்ன? நளீபா. இண்டைக்கு என்ர செபத்தில சொல்லுறன், உங்களுக்குக் குறையில்லையே? சரி.

அந்தா! அந்தா லைற்! கடல் பக்கமா, அந்த வெள்ளை பிளற்றுக்கு முன்னால! ஹோர்ன் அடிக்காதேங்கோ, அடிக்காதேங்கோ, ஓடிப்போடுவினம். ஓம் தம்பி, என்னைக் கண்டா ஓடுற ஆள் ஒண்டு அதுக்குள்ள நிக்குது. லைற்றை நூத்துப்போட்டு மெல்லமா விடுங்கோ. இப்ப நாங்கள் கள்ளர், என்ன?

எந்தெந்த வீட்டுக்குப் போறது எண்டு முடிவெடுக்கிறது பாட்டு மாஸ்டர், நேசகுமார் எண்டு. வழக்கம், மரியாதை எண்டு பாஸ்டரிட்டச் சொல்லி எங்கட வீட்டைத் தாண்டிப் போக வச்சதும் அவர்தான். அது வெறும் சாட்டு, காரணம் வேற. முந்தித் தொண்டை கிழியப் பாடுற மனுசன், இந்த வருஷம் கிற்றார் மட்டும்தான் தட்டுறார். சேர்ச்சில என்ர பக்கம் திரும்பமாட்டார். நான் முன் கதவால வந்தா பின் கதவால போயிடுவார். செத்தவீட்டுக்கும் வரேல்ல, கால் முறிஞ்சு ஆசுப்பத்திரியில கிடந்தவர்.

காணும், இதில நிப்பாட்டுங்கோ. பாத்திட்டினம். பாட்டு நிண்டிட்டுது, பாருங்கோ, எல்லாற்ற முகத்தையும் பாருங்கோ! நத்தார் தாத்தாவின்ர வாய் மூடுதில்ல. வயலற் அன்ரி எண்டு ஒரு பிள்ளை கத்துறாள். வாறன் பிள்ளை, வாறன்!

அந்தா தம்பி, லொறிக்கு அங்கால, கிற்றாரை நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் பின்னுக்குப் போறார் பாருங்கோ. ஆர் ஓட்டினது எண்டு கேட்டனீங்கள் எல்லோ. அவர்தான். பியூலாவின்ர மனுசன். ரெண்டு ஒழுங்கை தள்ளி வீடு, அவரும் இருட்டுக்குள்ளதான் இருக்கிறார். இஞ்ச எனக்கெண்டு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு ஆள்தான் தம்பி.

கொஞ்சம் நில்லுங்கோ, பிடிச்சுக்கொண்டு வாறன்.