சாம்பிள் பாஸ்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் கம்பெனி கேன்டீனில் வெந்நீரைத்தான் டீ என்று ஊற்றுவார்கள். கேளுங்கள், மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் முனிரத்தினம். ஒரகடம் பக்கம் பம்புக்குப் பாகம் செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. என் பெண்டாட்டி எழிலரசி கோபித்துக்கொண்டு பிள்ளைப்பாக்கத்தில் தாய் வீட்டோடு இருக்கிறாள். மகள் ரஞ்சனி ஒன்றாம் வகுப்பு. போன மாதம் அவளைப் பள்ளிக்கூட வாசலிலிருந்தே கூட்டிவந்து என்னிடம் வைத்துக்கொண்டேன். பெற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

வக்கீல்தான் வழி சொன்னார். "நேரா கோர்ட்டுக்குப் போனா, பேசிப் பாத்தியான்னு ஜட்ஜ் கேப்பாரு. மொதல்ல பொதுவான ஆள வச்சிப் பேசு. கொழந்த யார்கிட்ட இருக்கேங்குதோ, அதான் முக்கியம்."

வல்லக்கோட்டை அப்பாவு வாத்தியாரைப் பிடித்தோம். இந்த வருஷம், 1991 ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, கோயில் பக்கத்துச் சத்திரத்தில் பேச்சு. குழந்தையைத் தனியாக விசாரிப்பேன் என்றார். எங்கள் குழந்தையை முன்பின் பார்த்தவரில்லை.

தயாராகாமல் எங்கும் போகிறவனில்லை நான். ரஞ்சனியை ஸ்டூலில் உட்காரவைத்து, வாத்தியார் மாதிரி மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"யார்கிட்ட இருக்கப் போற பாப்பா?"

"அம்மாகிட்ட."

நான் கோபப்படவில்லை. பதில் சரியாகும்வரை சோறு தள்ளிப்போனது, அவ்வளவுதான். லைனில் வேலை சரியாகாவிட்டால் எங்களை மட்டும் டீக்கு விடுகிறார்களா? அழுதுகொண்டே அதையேதான் சொன்னாள். எனக்கு மனசு விட்டுப்போனது.

கம்பெனியைப் பார்க்கப் பெரிய ஆட்கள் வந்தால் மொத்தச் சரக்கையும் பரப்ப மாட்டோம். நல்ல பீஸ் ஒன்றைத் துடைத்து மேஜைமேல் வைப்போம். சாம்பிள் பாஸ் என்றால் எல்லாமே பாஸ். பக்கத்துப் போர்ஷன் நாகப்பன் மகள் கங்காவுக்கும் ரஞ்சனி வயதுதான். கோயிலுக்கு வா, பஞ்சுமிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். ஒரே தடவையில் பதிலைப் பிடித்துக்கொண்டாள். கெட்டிக்காரப் பெண்.

வாத்தியார் உள்ளே விசாரித்துவிட்டு அவள் கையைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"கொழந்த அப்பாகிட்டயே இருக்கேங்குது. அப்புறம் இன்னாம்மா?"

எழிலரசி அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "இது யாரு சார்? எம்பொண்ணு எங்க?"

சாம்பிள் என்று பொறுமையாக விளக்கினேன். அவள் என் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"எம்பொண்ணு எங்கய்யா?"

"பத்திரமா வூட்லதான் கீறா. பொட்டில."

கம்பெனிக்கு மெஷின் வந்த மரப்பெட்டி, ஐயா. நம் பக்கத்தில் அதில்தானே கதவு, கோழிக்கூண்டு எல்லாம் செய்கிறோம். வைக்கோல் பரப்பி, காற்றுக்கு ஓட்டை போட்டு, சொம்பில் தண்ணீரும் வைத்திருந்தேன். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அம்பு போட்டிருக்கும். அதைக்கூட நான் மீறவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, பதில் தப்பிய நாளெல்லாம் அவளுக்கு அதில்தான் படுக்கை.

உங்கள் ஆட்கள் மூடியைப் பெயர்த்தபோது நானும் நின்றிருந்தேன். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பாகிட்டதான் இருப்பேன்" என்றாள்.

எழிலரசி அவளை வாரி எடுத்து, "தண்ணி குடிக்கிறியா கண்ணு?" என்றாள்.

"அப்பாகிட்டதான் இருப்பேன்."

பெயர் கேட்ட கான்ஸ்டபிளுக்கும் அதே பதில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி கோர்ட்டுக்கு நான் தயார்.

பட்டினி போட்டது நான், பெட்டியில் வைத்து ஆணி அடித்தது நான். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பதிலை மட்டும் நான் சொல்லிக்கொடுத்ததாக எழுதாதீர்கள், ஐயா. அது அவளாகவே, பாசத்தில் சொன்னது.