ஹார்பர் சட்டைப் பாக்கெட்

"என் புருசன் சட்டைய நானே தொடக்கூடாதாம்."

திருவொற்றியூரிலிருந்து வந்த பேருந்தில், முன் இருக்கை அம்மாள் இப்படிச் சொன்னதும் நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"யாரு சொன்னது, ஸ்டெல்லாக்கா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"துணி மியூசியம் வாச்மேன். அந்த மியூசியக்காரங்கதான நம்ம சர்ச் ஹாலுக்கு வந்து, பழைய துணியெல்லாம் சேத்து ஒரே போர்வையா தைக்கச் சொன்னாங்க? நான் அவரு ஹார்பர் வேலைக்குப் போட்ட சட்டைப் பாக்கெட்டக் குடுத்தேன். இப்போ அந்தப் போர்வைய அங்க செவுத்துல மாட்டிக்கீறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"செத்துப்போன என் புருசன் சட்டைப்பா, தச்சதும் நான்தான்னேன். என் மூஞ்சியவே பாத்தான். அப்பால அந்தாண்ட திரும்பி நின்னுகினான். நான் பாக்கெட்டுக்குள்ள கைய வெச்சுகினு கொஞ்ச நேரம் நின்னேன்."

"வூட்லயே வெச்சிருக்கலாம்ல?"

"வூட்ல இருந்தப்போ பொட்டியத் தொறக்கவே பயம், மும்தாஜு. அங்க பக்கத்துல நாலு பேரு நின்னு பாக்குறாங்க. பயம் வரல."

தண்டையார்பேட்டை தாண்டிய பிறகு மும்தாஜ் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் துணி வாங்குறாங்களாக்கா? எம்பொண்ணு தவறிப்போனதுலேர்ந்து அவ ஸ்கூல் யூனிபாரம் பீரோவுல அப்படியே கீது."

"சனிக்கெழம வூட்டுக்கு வர்றேன்," என்றார் ஸ்டெல்லா. "ரெண்டு பேருமா சேந்து பீரோவத் தொறக்கலாம்."