பதினாலாம் நம்பர் பாட்டில்

ஒரு விடுகதை போடறேன், பதில் சொல்லுங்க மேடம். இருபது பேரு ஒரு வீட்டுக்குக் குடி வந்தாங்க. இருபது பேருக்கும் வெள்ளைச் சட்டை. யாரும் போங்கன்னு சொல்லலை, சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனா ஆறு வயசு ஆனதும் ஒவ்வொருத்தரா காலி பண்ண ஆரம்பிச்சிடறாங்க. யாரு?

ஆங், பால் பல்லேதான். டக்குனு சொல்லிட்டீங்களே. எங்க பாப்பா போட்ட விடுகதை அது. நான் ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன், தெரியலை. தினம் பல்லை உடைக்கிறதே எனக்குப் பொழைப்பு, எனக்குத் தெரியலை பாருங்க. அந்த இருபது பேர்ல மூணு பேரு தானா காலி பண்ணலை. அதை விசாரிக்கத்தானே குழந்தைங்க இல்லத்துலேருந்து ஃபைலைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க. ஐயோ, அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க.

தெரியும் மேடம். நாளைக்கு நீங்க எழுதறதை வெச்சுத்தான் பாப்பா அதோட அப்பாகிட்டப் போகுமா, பெரியம்மா என்கிட்ட வருமான்னு முடிவாகும். அதனாலதான் வீட்டுக்கு வரேன்னீங்க, நான் ஆராய்ச்சிக் கூடத்துக்கே வாங்கன்னேன். வீட்டுல உக்காந்து நான் என்ன சொன்னாலும், தங்கச்சி போயிட்டா, இந்தம்மாவுக்குப் பிள்ளை கிடையாது, அதான் தங்கச்சி பிள்ளைக்கு ஆசைப்படுதுன்னு நினைப்பீங்க. இங்க என் வாயை நம்ப வேண்டாம். கண்ணால பாருங்க, போதும்.

இதுதான் என் மெஷின். மேல ஒரு இரும்பு முனை, கீழ ஒரு மேடை, நடுவுல பல்லு. விழுந்த பல்லைப் பிசின்ல நட்டு, இந்த எஃகுப் பிடியில வெச்சு இறுக்கணும். தூக்கிப் பாருங்க. கனமா இருக்குல்ல? முக்கால் கிலோ. இப்ப பட்டனை அழுத்தறேன். அந்த எண் ஏறுது பாருங்க. நாப்பது கிலோ. அம்பது. எழுபது. பல்லு ரொம்ப வீம்புக்காரன் மேடம், கடைசி வரைக்கும் ஒண்ணும் ஆகாத மாதிரியே நிக்கும். எண்பத்தி...

டப். அவ்வளவுதான். ஏன் கண்ணை மூடிட்டீங்க? யாருக்கும் வலிக்கலை. யாரோ ஒரு குழந்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிப் போட்ட பல்லு.

இப்ப இந்த லென்ஸ்ல கண்ணை வைங்க. உடைஞ்ச இடத்துல விசிறி மாதிரி கோடு ஓடுதா? எல்லாக் கோடும் ஒரே புள்ளியிலேருந்து கிளம்பும். அந்தப் புள்ளிதான் அடி விழுந்த இடம். எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு, ஒரே அடியா, பல அடியா, எல்லாத்தையும் பல்லே சொல்லிடும். பதினோரு வருஷமா இதைத்தான் படிக்கிறேன். அதுக்கு முன்னாடி படகு செய்யற கம்பெனியில கண்ணாடி நாரை, அதான் ஃபைபர் கிளாஸை, உடைச்சுக்கிட்டிருந்தேன். மொத்தத்துல உடைக்கிற ஜாதகம். இங்க எனக்கு உடைக்கிற அக்கான்னுதான் பேரு.

இந்தக் கட்டடமே ஒரே ஆராய்ச்சிக்காகத்தான். சில குடும்பத்துல தலைமுறை தலைமுறையா பல்லு சுண்ணாம்பு மாதிரி உதிரும். கீழ்த்தளத்துல எலிங்க. அதே கோளாறு உள்ள எலி வம்சத்தை வளர்த்து, எந்த மரபணுன்னு தேடறாங்க. நடுவுல நாங்க. கண்ணாடித் தூளையும் பிசினையும் கலந்து, அந்த மாதிரிப் பல்லுக்கு எந்த அடைப்பு நிக்கும்னு பார்க்கறோம். மேல பல் ஆஸ்பத்திரி. குழந்தைங்க வருவாங்க, வாயைப் பார்ப்பாங்க, விழுந்த பல்லை எனக்கு அனுப்புவாங்க. பாட்டில்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். பேரு இருக்காது. பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும், அளவு தப்பிடும்னு விதி. நல்ல விதின்னு நானே நாலு பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன்.

ஆமா, பாப்பாவோட அப்பா, எங்க மாப்பிள்ளை, கீழ்த்தளத்துலதான். எலி டாக்டர்னா இந்தக் கட்டடத்துல அவருதான். தங்கச்சி என்னைப் பார்க்க வந்தப்ப லிஃப்ட்ல பழக்கமாகி, அப்படியே கல்யாணம். கெட்ட மனுஷன்னு யாரும் சொல்ல மாட்டாங்க மேடம், விசாரிச்சுப் பாருங்க. குரலே உயராது. பல்லு தேஞ்சு போன எலிக்குத் தீனியைத் தானே ஊற வெச்சுக் குழைச்சுக் கொடுப்பாரு. அதே எலியைக் கணக்கு முடிஞ்சதும் கொல்லணும்ல, அதையும் அவரேதான் செய்வாரு. கழுத்துக்குப் பின்னால ரெண்டு விரல், வாலைப் பிடிச்சு ஒரு இழு. நிமிஷத்துல முடிஞ்சிடும். ஒருநாள்ல முப்பது, நாப்பது. கை கழுவிட்டு வந்து டிபன் பாக்ஸைத் திறப்பாரு. இவ்வளவு மென்மையான கை யாருக்கும் வராதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கேன்.

தங்கச்சி போனப்ப பாப்பாவுக்கு அஞ்சு வயசு. காய்ச்சல்னு படுத்தா, பத்தே நாள். அந்த நேரம் பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லுல ஓட்டை. அம்மா இல்லாம வாயைத் திறக்க மாட்டேன்னு ஒரே அழுகை. மேல பல் டாக்டரம்மா தோத்துட்டாங்க. நான்தான் கேட்டேன், என்னடி பொண்ணே வேணும் உனக்குன்னு. தவளைக் கலர்ல அடைச்சா திறக்கறேன்னுச்சு. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். டாக்டரம்மாகிட்ட கெஞ்சி அனுமதி வாங்கி, பல்லுக்குப் போடற சாயத்துலேயே தேடி, அடைப்புக் கலவையில பச்சை கலந்தேன். ஒரே ஒரு தடவை, ஒரு சொட்டு அளவு. நீல வெளிச்சத்துல காட்டினதும் கெட்டியாயிடுச்சு. ஒரு மாசம் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வாயைத் திறந்து தவளை காட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு.

அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு முன்னம்பல் ஒண்ணு போச்சு. அடுத்து இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரும், பொக்கை வாயோட. எப்படிடி விழுந்துச்சுன்னா, விழுந்துட்டேன்னு சொல்லும். பல்லு விழுந்துச்சுன்னு சொல்லாது மேடம், விழுந்துட்டேன்னு சொல்லும். எனக்கு உறைக்கலை. ஆறு வயசுல முன்னாடி பல்லு இல்லாத வாயைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? பொக்கைன்னு பேரு வெச்சேன். வாடி பொக்கை, முறுக்குத் தின்னுவியான்னு கேலி பண்ணேன். அதுவும் சிரிச்சுச்சு.

முதல் பல்லுக்கே மேல டாக்டரம்மா கேட்டிருக்காங்க, என்ன இப்படி உடைஞ்சிருக்குன்னு. மாப்பிள்ளை காகிதத்துல படம் போட்டு விளக்கியிருக்காரு. அவ அம்மா வழியில பல்லு பலவீனம், அது இவளுக்கும் வந்திருக்கு, ஆராய்ச்சியில இவளையும் சேர்த்துக்கங்கன்னு. எலி டாக்டரே சொன்னா அப்புறம் யாரு பேசுவா? சேர்த்துட்டாங்க. நம்பர் பதினாலு. பாருங்க, என் பல்லைப் பாருங்க. அம்பது வயசு. எங்க அம்மா வழியில ஒருத்தருக்கும் பல்லு உதிரலை.

எனக்கு பாட்டில் வந்துச்சு. பதினாலு. முன்னம்பல். லென்ஸ்ல வெச்சேன். சுண்ணாம்புப் பல்லுன்னா ஓரம் பொடிஞ்சு, தேஞ்சு, சாக்பீஸ் மாதிரி இருக்கும். இது நல்ல கெட்டியான பல்லு. வெளியிலேருந்து ஒரே அடி, விசிறிக் கோடு. நான் என்ன நினைச்சேன்? மேல நர்ஸ் இடுக்கியில பிடிச்சுக் கீழ போட்டுட்டாங்கன்னு நினைச்சேன். சீட்டு எழுதினேன். வெளி அடியால் உடைந்தது, ஆய்வுக்கு ஆகாதுன்னு. ஒதுக்கற டப்பாவுல போட்டேன். நாலு மாசம் கழிச்சு மறுபடி பதினாலு. மறுபடி அதே சீட்டு. இந்தத் தடவை நர்ஸுக்கு போன் பண்ணி, ஏம்மா, பல்லு என்ன புளியங்கொட்டையா, பார்த்து எடுக்கக் கூடாதான்னு திட்டினேன். பாவம் அந்தப் பொண்ணு, ஒண்ணும் புரியாம சாரி மேடம்னுச்சு.

இதோ, ரெண்டு சீட்டும். என் கையெழுத்துதான். எடுத்துக்கங்க, ஃபைல்ல வைங்க. ஒரு பச்சைக் குழந்தையை எந்தப் பக்கத்துலேருந்து அடிச்சாங்கன்னு வரைக்கும் எழுதி, தேதி போட்டு, ஆகாதுன்னு ஒதுக்கியிருக்கேன்.

இல்லை, தண்ணி வேண்டாம். சொல்லி முடிச்சிடறேன்.

போன மாசம் மூணாவது பாட்டில். பதினாலு. கடைவாய்ப் பல்லு, ரெண்டாப் பிளந்திருந்துச்சு. கவிழ்த்தேன். பாதிப் பல்லு உருண்டு வந்து இப்படி மல்லாந்து நின்னுச்சு. நடுவுல பச்சை.

ஒரு சொட்டுதான் கலந்தேன்னு சொன்னேன்ல. உலகத்துல வேற எந்த வாயிலயும் அந்தப் பச்சை கிடையாது.

கடைவாய்ப் பல்லு அப்படிப் பிளக்கணும்னா தாடைக்குக் கீழேருந்து மேல வரணும் அடி. கீழ்ப்பல்லு போய் மேல்பல்லுல இடிச்சு, ரெண்டுல ஒண்ணு பிளக்கணும். இந்த மெஷின் மாதிரியே, ஆனா ஒரே வேகத்துல. மாடிப்படியில மோவாய் மோதினாலும் அப்படி ஆகலாம், உண்மைதான். ஒரு தடவை ஆகலாம். அதே நம்பருக்கு மூணு தடவையா?

எனக்கு எத்தனை கிலோன்னு எண் ஓட ஆரம்பிச்சிடுச்சு மேடம். நிறுத்த முடியலை. படியில இறங்கறேன், எண் ஓடுது. நாப்பது, அம்பது. சாயந்திரம் நாலு மணி. ஸ்கூல் வேன் பாப்பாவை எலிக்கூடத்துலதான் இறக்கிவிடும், அவரு வேலை முடியற வரைக்கும் அங்கதான் உக்காந்திருக்கும். கதவைத் திறந்தா, ஓரமா உக்காந்து படம் வரைஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவரு மேஜையில எலிங்களை முடிச்சுக்கிட்டிருந்தாரு. வாங்கக்கா, டீ சொல்லட்டுமான்னாரு.

பாதிப் பல்லை மேஜையில வெச்சேன். இது என்ன மாப்பிள்ளைன்னேன்.

பார்த்தாரு. கையிலிருந்த எலியை முடிச்சாரு, தட்டுல வெச்சாரு. அக்கா, அவளுக்கு மரபணுவே அப்படின்னாரு. இந்தப் பல்லு சுண்ணாம்பு இல்லை மாப்பிள்ளை, நான் பார்த்துட்டேன்னேன். கையுறையைக் கழட்டினாரு. அப்புறம் சாதாரணமா, பால் தீர்ந்துடுச்சுன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. வாயைத் திறன்னா திறக்க மாட்டேங்கிறா அக்கா. பல்லு தேய்க்க மாட்டேங்கிறா. ராத்திரி அம்மா அம்மான்னு அரை மணி நேரம். எனக்கும் ஒரு அளவு இருக்குல்ல? எப்படியும் விழப்போற பல்லுதானேன்னாரு.

எப்படியும் விழப்போற பல்லு.

மேடம், உங்க ஃபைல்ல அவன் எலிக்கூடத்துல ஈரத் தரையில வழுக்கி, கூண்டுச் சட்டத்துல வாய் மோதி விழுந்தான்னு இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டும் இருக்கும். முன்னம்பல் ரெண்டு போச்சு, உதட்டுல ஏழு தையல், தாடையில விரிசல். விழுந்துட்டேன்னு அவனேதான் எழுதிக் குடுத்தான். என் மேல கேஸ் குடுத்தா பாப்பா பல்லு விஷயம் வெளிய வரும்ல.

தரை காய்ஞ்சுதான் இருந்துச்சு. அந்த எஃகுப் பிடி என் கோட்டுப் பையிலேயே இருந்திருக்கு, மெஷின்லேருந்து கழட்டினதை வைக்க மறந்து அப்படியே இறங்கியிருக்கேன். முதல் அடி வாயில. ரெண்டாவது தாடைக்குக் கீழேருந்து மேல. எங்க அடிச்சா என்ன ஆகும்னு இந்த ஊர்ல என்னை விட யாருக்குத் தெரியும்? கூண்டுச் சட்டம் சாஞ்சு எலியெல்லாம் தரையில ஓடுச்சு. அவன் வாயைப் பொத்திக்கிட்டு முட்டி போட்டான், விரல் இடுக்குல ரத்தம். நான் மறுபடியும் ஓங்கினேன். கை வலிக்கலை மேடம். அதைத்தான் உங்ககிட்ட ஒளிக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நல்லா இருந்துச்சு.

பாப்பாவா? அங்கேதான் நின்னுச்சு. எல்லாத்தையும் பார்த்துச்சு. கலர் பென்சிலைக் கையில பிடிச்சபடியே.

அன்னைக்குலேருந்து உங்க இல்லத்துல பாப்பா வாயே திறக்கலை, யாருகூட இருக்கப் பிடிக்கும்னு கேட்டா தரையைப் பார்க்குதுன்னு சொன்னீங்கல்ல. பெரியம்மா பேரைச் சொன்னா கட்டிலுக்கு அடியில போயிடுதுன்னு. ஏன்னு கேட்டீங்க. அதுக்குத்தான் இவ்வளவும். மனு குடுத்தது நான்தான், பாப்பாவை எனக்குக் குடுங்கன்னு கேட்டதும் நான்தான். இந்தப் பாட்டிலை வெச்சுக்கங்க, மூணு பல்லும் இதுல இருக்கு, ஒதுக்கின டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துட்டேன். அவன் அடிச்சதுக்கு இது சாட்சி. நான் அடிச்சதுக்குப் பாப்பா சாட்சி. ரெண்டையும் எழுதுங்க.

அன்னைக்கு நான் பிடியைக் கீழ போட்டுட்டு, வாடா கண்ணு, பெரியம்மா வீட்டுக்குப் போலாம்னு கையை நீட்டினேன். கையெல்லாம் அவன் ரத்தம், அது எனக்கு அப்பத் தெரியலை. பாப்பா என்னைப் பார்த்துச்சு, அவனைப் பார்த்துச்சு.

அவன் பக்கத்துல போய் உக்காந்துக்கிச்சு.