அடிக்குரல்

வளைகுடாவில், வேலை முடிந்து சோனாப்பூர் லேபர் கேம்புக்குத் திரும்பும் கம்பெனி பஸ். முன் சீட்டில் திருநெல்வேலிக்காரர்கள் இருவர். ஜன்னலோரம் இருந்த பெரியவர் கண்ணை மூடி, ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, வயிறு வலிக்கா?” என்றான் பக்கத்திலிருந்த இளைஞன்.

“ஏல, பாடுதேன்.”

“இது பாட்டா?”

“பாட்டுல கால்வாசி. அந்தக் காலத்து அமெரிக்கக் கோஷ்டி, நாலு ஆம்பளைங்க சேந்து இயேசப்பாவப் பாடுவாங்க. இப்பக் கேட்டாலும் புல்லரிக்கும். அதக் கேட்டுக் கேட்டு ரூம்ல நாங்களும் நாலு பேரு, ஆளுக்கொரு குரலாப் பாடுவோம். எனக்கு அடிக்குரல், மெட்டுக்குக் கீழ ஒரே சுதியில இழுக்கது.”

“மத்தவங்க எங்க?”

“ரெண்டு பேருக்கு விசா முடிச்சு ஊருக்கு அனுப்பிட்டானுவ. மெட்டுப் பாடுனவன் சைட்லயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்தான். எந்திரிக்கல.”

“அப்ப மெட்ட நீங்க பாடுங்க.”

“அது அவன் குரலுல்லா. எனக்கு ஏறாது.”

பெரியவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

“மவளுக்குப் பொறந்தநாளு. நேத்து போன்ல அவளுக்குப் பாடுனேன். ‘அப்பா, லைன் சரியில்ல, வெறும் இரைச்சலாக் கேக்கு’ன்னு வச்சிட்டா.”